வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை நிறைவேற்ற மறுக்கும் காரணங்கள்: இந்தியாவில் அவற்றின் வரலாறு

வெளிநாட்டு நடுவர் தீர்ப்பு என்பது, இரு நாட்டு வணிகர்களுக்கு இடையே எழும் பிணக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகாமல், அவர்கள் ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டபடி அமையும் நடுவர்கள் வேறொரு நாட்டில் விசாரித்து வழங்கும் முடிவு ஆகும். தோற்றவர் தாமாகவே பணத்தைச் செலுத்திவிட்டால் விவகாரம் அத்துடன் முடிந்தது. செலுத்தாவிட்டால், தோற்றவரின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு நீதிமன்றத்தை வென்றவர் நாட வேண்டும். அந்த நீதிமன்றம் எந்தெந்தக் காரணங்களுக்காகத் தீர்ப்பை நிறைவேற்ற மறுக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்தியாவில் இக்காரணங்கள் 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 48ஆம் பிரிவில் கூறப்பட்டுள்ளன. அவை மொத்தம் ஏழு. அவற்றுள் ஆறு காரணங்களின் பொருளில் பெரிய மாற்றம் வந்ததில்லை. ‘பொதுக்கொள்கைக்கு முரணானது’ என்னும் ஏழாவது காரணம் மட்டும் முப்பது ஆண்டுகளில் குறுகி, விரிந்து, மீண்டும் குறுகியது. இந்தியாவில் இத்துறையின் வரலாறு பெரும்பாலும் அந்த ஏழாவது காரணத்தின் வரலாறே.

திண்டுக்கல் வட்டாரமும் வெளிநாட்டு வணிகமும்

லண்டன், பாரிஸ், சிங்கப்பூர் ஆகிய நகரங்களில் நடக்கும் இந்த விசாரணைகளுக்கும் திண்டுக்கல் போன்ற ஊருக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். திண்டுக்கல்லின் கடல் கடந்த வணிகம் பழையது. இங்கு விளைந்த புகையிலையும் இங்கு சுற்றப்பட்ட சுருட்டும் ஆங்கிலேயர் காலத்திலேயே வெளிநாட்டுக்குப் போயின. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை இவ்வூரில் இருந்தது. பதனிட்ட தோலும் இங்கிருந்து ஏற்றுமதியானது. இன்று நகரைச் சுற்றியும் வேடசந்தூர் பகுதியிலும் நூற்பாலைகள் பெருகியுள்ளன. தமிழ்நாட்டில் விளையும் பருத்தி இங்குள்ள ஆலைகளுக்குப் போதாது என்பதால் குஜராத், மகாராஷ்டிரா போன்ற மாநிலங்களிலிருந்தும், அமெரிக்கா, எகிப்து, ஆஸ்திரேலியா, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பஞ்சு வருகிறது.

வெளிநாட்டுப் பஞ்சுக்கான ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். பிணக்கு ஏற்பட்டால் லிவர்பூலில் உள்ள பன்னாட்டுப் பருத்திச் சங்கத்தின் விதிகளின்படி நடுவர் விசாரணை நடைபெறும் என்பது அந்த வரி. 1841இல் லிவர்பூல் பருத்தித் தரகர்களின் சங்கமாகத் தொடங்கிய அமைப்பே இன்று பன்னாட்டுப் பருத்திச் சங்கம் எனப்படுகிறது. நடுவர் தீர்ப்பின்படி பணம் செலுத்தாதவர்களின் பட்டியலையும் அது வெளியிடுகிறது. அப்பட்டியலில் பெயர் ஏறினால் அச்சங்கத்தின் உறுப்பினர்களுடன் வணிகம் செய்வது கடினம்.

2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு பஞ்சின் விலை 2 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கியது. உச்ச விலையில் ஒப்பந்தம் போட்ட பல நாட்டு ஆலைகள் சரக்கை ஏற்க மறுத்தன. லிவர்பூலில் நடுவர் வழக்குகள் குவிந்தன. ‘தீர்ப்பு எங்கோ சொல்லட்டும், நம் ஊர் நீதிமன்றம் அதை ஏற்காது’ என்ற எண்ணம் வணிகர்களிடையே அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்பதைச் சட்டத்தின் வரலாறு காட்டுகிறது.

1961க்கு முந்தைய நிலை

தமிழருக்கு நடுவர் முறை புதிதன்று. திருக்குறளில் நடுவுநிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குத் தீர்ப்பதும் பழைய வழக்கம். ஆங்கில ஆட்சியில் இம்முறை சட்டமாக எழுதப்பட்டது. 1899ஆம் ஆண்டின் இந்திய நடுவர் தீர்ப்புச் சட்டம் முக்கியமாகச் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்கானது. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல் போன்ற வெளியூர்களுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த விதிகளே பொருந்தின. 1940ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாக்கியது.

வெளிநாட்டில் வழங்கப்பட்ட தீர்ப்புகளுக்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் உருவான நாடுகளின் சங்கம், 1923இல் ஜெனீவா நெறிமுறையையும் 1927இல் ஜெனீவா உடன்படிக்கையையும் கொண்டுவந்தது. அவற்றை ஏற்று இந்தியாவில் 1937இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஜெனீவா ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. தீர்ப்பு வழங்கப்பட்ட நாட்டில் அது இறுதியானது என்பதை வென்றவரே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதனால் முதலில் அந்த நாட்டு நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு, பிறகு சொத்து இருக்கும் நாட்டில் இன்னோர் உத்தரவு என இரட்டை வேலை ஆயிற்று.

ஜெனீவா ஏற்பாட்டில் சேராத நாட்டவரின் நிலை இன்னும் கடினம். அமெரிக்கா அதில் சேரவில்லை. 1949ஆம் ஆண்டின் ஒரு மஞ்சள் ஏற்றுமதி ஒப்பந்தத்தில் எழுந்த பிணக்கு இதற்குச் சான்று. நியூயார்க்கைச் சேர்ந்த ஈஸ்ட் இந்தியா டிரேடிங் கம்பெனி, பம்பாயைச் சேர்ந்த படாட் நிறுவனத்தின் மீது நியூயார்க்கில் நடுவர் தீர்ப்பு பெற்று, அங்குள்ள நீதிமன்றத்தின் உத்தரவையும் பெற்றது. அவற்றைக் கொண்டு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1963இல் இந்திய உச்சநீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், அவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரம் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு இல்லை என்று முடிவு செய்தனர். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்ட கருத்தை எழுதினார். இரண்டு தீர்ப்புகள் கையில் இருந்தும் அமெரிக்க நிறுவனத்துக்குப் பயன் கிடைக்கவில்லை.

நியூயார்க் உடன்படிக்கையும் ஏழு காரணங்களும்

இக்குறைகளைக் களைய ஐக்கிய நாடுகள் அவை நியூயார்க்கில் மாநாடு கூட்டியது. 1958 ஜூன் 10 அன்று புதிய உடன்படிக்கை ஏற்கப்பட்டது. இந்தியா அன்றே கையெழுத்திட்டு, 1960 ஜூலை 13 அன்று உறுதிப்படுத்தியது. 1961இல் வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றும் சட்டம் பிறந்தது. இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகள் இவ்வுடன்படிக்கையில் உள்ளன. அமெரிக்கா 1970இல் சேர்ந்தது.

நியூயார்க் உடன்படிக்கை மெய்ப்பிக்கும் பொறுப்பை மாற்றிப் போட்டது. வென்றவர் தீர்ப்பையும் ஒப்பந்தத்தையும் காட்டினால் போதும். நிறைவேற்றக் கூடாது என்பவரே அதற்கான காரணத்தை நிலைநாட்ட வேண்டும். உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்பு அக்காரணங்களை வரையறுத்தது. இந்தியச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அவற்றையே பின்பற்றுகிறது:

1. ஒப்பந்தம் செய்தவருக்கு அதைச் செய்யும் சட்டத் தகுதி இல்லாமை, அல்லது நடுவர் ஒப்பந்தமே செல்லாததாக இருத்தல்.

2. நடுவர் நியமனம் பற்றியோ விசாரணை பற்றியோ முறையான அறிவிப்பு கிடைக்காமை, அல்லது தம் தரப்பை எடுத்துரைக்க இயலாமற் போதல்.

3. நடுவரிடம் ஒப்படைக்கப்படாத விஷயத்தில் நடுவர் தீர்ப்பு வழங்கியிருத்தல்.

4. நடுவர் குழுவின் அமைப்போ நடைமுறையோ ஒப்பந்தத்துக்கு மாறாக இருத்தல்.

5. தீர்ப்பு இன்னும் கட்டுப்படுத்தும் நிலையை அடையாமை, அல்லது அது வழங்கப்பட்ட நாட்டில் ரத்தாகியிருத்தல் அல்லது நிறுத்தி வைக்கப்பட்டிருத்தல்.

6. பிணக்கின் பொருள் இந்தியச் சட்டப்படி நடுவர் தீர்ப்புக்கு உரியதல்லாமை.

7. தீர்ப்பை நிறைவேற்றுவது இந்தியாவின் பொதுக்கொள்கைக்கு முரணாக இருத்தல்.

முதல் ஐந்தையும் எதிர்ப்பவர் மெய்ப்பிக்க வேண்டும். கடைசி இரண்டையும் நீதிமன்றம் தானாகவே கவனிக்கலாம்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றும் முக்கியமானது. ‘நடுவர் தவறாக முடிவு செய்துவிட்டார்’ என்பது இதில் இல்லை. பள்ளிப் பொதுத்தேர்வை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். மாணவருக்கு வினாத்தாள் கொடுக்கப்பட்டதா, எழுத நேரம் தரப்பட்டதா, திருத்தியவர் நியமிக்கப்பட்ட ஆசிரியர்தானா, பாடத்திட்டத்துக்கு உட்பட்டுக் கேள்வி கேட்கப்பட்டதா என்று பார்ப்பது ஒரு வேலை. விடைத்தாளை மறுபடி திருத்தி மதிப்பெண்ணை மாற்றும் மறுமதிப்பீடு வேறு வேலை. 48ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குத் தருவது முதல் வேலையை மட்டுமே. நடுவர் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும், சாட்சியத்தைக் குறைத்து மதிப்பிட்டிருந்தாலும், அதற்காக மட்டும் நிறைவேற்றத்தை மறுக்க முடியாது.

ரேணுசாகர் வழக்கு (1993)

‘பொதுக்கொள்கை’ என்ற சொல்லுக்குச் சட்டம் பொருள் கூறவில்லை. அதை முதலில் விரிவாக ஆராய்ந்தது ரேணுசாகர் வழக்கு. உத்தரப் பிரதேசத்தின் ரேணுகூட்டில் அனல்மின் நிலையம் அமைக்க, ஹிண்டால்கோவின் துணை நிறுவனமான ரேணுசாகர் பவர் கம்பெனியும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் 1964 ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்தன. தவணைத் தொகையும் வட்டியும் தொடர்பாகப் பிணக்கு எழுந்தது. பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வணிகச் சபையின் விதிகளின்படி விசாரித்த நடுவர் குழு, 1986 செப்டம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக்குக்கு ஏறக்குறைய 1 கோடியே 22 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது.

ரேணுசாகர் தரப்பு எழுப்பிய ஆட்சேபங்கள் சாதாரண வாசகருக்கும் புரியக்கூடியவை. தீர்ப்பில் வட்டிக்கு வட்டி சேர்க்கப்பட்டுள்ளது, நட்டஈட்டின் மேல் நட்டஈடு கணக்கிடப்பட்டுள்ளது, அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் மீறப்பட்டுள்ளது, எனவே இது இந்தியாவின் பொதுக்கொள்கைக்கு முரண் என்பது அவர்கள் வாதம்.

1993 அக்டோபர் 7 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி எஸ். சி. அகர்வால் எழுதிய அத்தீர்ப்பு, வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் பொறுத்தவரை பொதுக்கொள்கைக்குக் குறுகிய பொருளே கொள்ள வேண்டும் என்றது. இந்தியச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை, இந்தியாவின் நலன், நீதி அல்லது ஒழுக்கம் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு முரணாக இருந்தால்தான் மறுக்கலாம். ஒரு சட்ட விதி மீறப்பட்டது என்பது மட்டும் போதாது. அந்நியச் செலாவணிச் சட்டம் நாட்டின் பொருளாதார நலனுக்கானது, அதை மீறுவது பொதுக்கொள்கைக்கு முரணாகும் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இவ்வழக்கில் அச்சட்டம் மீறப்படவில்லை என்று கண்டது. வட்டிக்கு வட்டி என்பதும் அந்த அளவுக்கு முரணானதல்ல என்று முடிவு செய்தது. ஜெனரல் எலக்ட்ரிக் வென்றது. ஒப்பந்தம் தொடங்கி இறுதித் தீர்ப்பு வர 29 ஆண்டுகள் ஆயின.

விரிந்த காலம் (2002–2011)

பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின், 1937, 1940, 1961 ஆகிய ஆண்டுகளின் மூன்று சட்டங்களுக்கும் பதிலாக 1996ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. அதன் முதற்பகுதி இந்தியாவில் நடக்கும் நடுவர் விசாரணைகளுக்கும், இரண்டாம் பகுதி வெளிநாட்டுத் தீர்ப்புகளுக்கும் உரியது. இந்தப் பகுப்பைப் பின்வந்த சில தீர்ப்புகள் குழப்பின.

2002இல் பாட்டியா இண்டர்நேஷனல் வழக்கில், வெளிநாட்டில் நடக்கும் விசாரணைகளுக்கும் முதற்பகுதி பொருந்தக்கூடும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. 2003இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்துக்கும் சா பைப்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ‘வெளிப்படையான சட்டப்பிழை’ இருந்தாலும் அது பொதுக்கொள்கைக்கு முரணே என்றது. சா பைப்ஸ் தீர்ப்பு உள்நாட்டுத் தீர்ப்பைப் பற்றியது. 2008இல் வென்ச்சர் குளோபல் நிறுவனத்துக்கும் ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு, வெளிநாட்டில் வழங்கப்பட்ட தீர்ப்பையே இந்திய நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கோரலாம் என்ற நிலையை உருவாக்கியது. 2011இல் புல்சந்த் எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில், ‘வெளிப்படையான சட்டப்பிழை’ என்ற சா பைப்ஸ் அளவுகோல் 48ஆம் பிரிவுக்கும் பொருந்தும் என்று கூறப்பட்டது.

இவற்றின் விளைவு என்ன? சட்டப்பிழை இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினால், விடைத்தாளை மறுபடி திருத்தத் தொடங்கியதாகத்தான் பொருள். தோற்ற தரப்பு ஒவ்வொன்றும் தீர்ப்பில் ஏதேனும் ஒரு சட்டப்பிழையைக் காட்ட முனைந்தது.

குறுகிய காலம் (2012–2020)

2012 செப்டம்பர் 6 அன்று பால்கோ வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, சட்டத்தின் முதற்பகுதி வெளிநாட்டில் நடக்கும் நடுவர் விசாரணைகளுக்குப் பொருந்தாது என்று தீர்மானித்தது. 2013 ஜூலை 3 அன்று வந்த ஸ்ரீ லால் மகால் தீர்ப்பு அடுத்த படி. இத்தாலிக்குக் கோதுமை விற்றதில் எழுந்த பிணக்கு அது. லண்டன் தானிய வணிகச் சங்கத்தின் நடுவர் தீர்ப்பை இந்திய ஏற்றுமதியாளர் எதிர்த்தார். ‘வெளிப்படையான சட்டப்பிழை’ என்பது வெளிநாட்டுத் தீர்ப்புக்குப் பொருந்தாது, ரேணுசாகர் வகுத்த குறுகிய பொருளே சரி என்று உச்சநீதிமன்றம் கூறி, புல்சந்த் தீர்ப்பில் சொன்னதை மாற்றியது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒருவரே, நீதிபதி ஆர். எம். லோதா. தாம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியதைத் தாமே திருத்திய நேர்மையான நிகழ்வு இது.

அடுத்து நாடாளுமன்றம் செயல்பட்டது. சட்ட ஆணையத்தின் 246ஆவது அறிக்கையின் அடிப்படையில், 2015 அக்டோபர் 23 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொதுக்கொள்கைக்கு மூன்று பொருள் மட்டுமே உண்டு என்று எழுதி வைத்தது. தீர்ப்பு மோசடியாலோ ஊழலாலோ பெறப்பட்டிருக்க வேண்டும், அல்லது இந்தியச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைக்கு முரணாக வேண்டும், அல்லது ஒழுக்கம், நீதி பற்றிய மிக அடிப்படையான கருத்துகளுக்கு முரணாக வேண்டும். ரேணுசாகரில் இருந்த ‘இந்தியாவின் நலன்’ என்ற தலைப்பு விடப்பட்டது. அடிப்படைக் கொள்கைக்கு முரணா என்று பார்க்கும்போது வழக்கின் தகுதியை மறு ஆய்வு செய்யக் கூடாது என்றும் சேர்க்கப்பட்டது.

2020 பிப்ரவரி 13 அன்று வந்த விஜய் காரியா தீர்ப்பு இப்போக்கின் உச்சம் எனலாம். லண்டனில் பெறப்பட்ட தீர்ப்புகளை எதிர்த்து, தம் ஆதாரங்கள் கவனிக்கப்படவில்லை, அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் மீறப்பட்டது என்றெல்லாம் வாதிடப்பட்டது. 1973ஆம் ஆண்டின் பழைய செலாவணிச் சட்டம் கடுமையானது, அதற்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டின் சட்டத்தில் மீறலைப் பின்னர் அனுமதி பெற்றுச் சரிசெய்ய வழி உண்டு, எனவே அதன் விதி ஒன்றை மீறுவது தானாகவே பொதுக்கொள்கைக்கு முரணாகாது என்று நீதிபதி ரோகிண்டன் நரிமன் எழுதினார். வழக்குத் தொடுத்தவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதிக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூன் 2 அன்று, தாமிரத் தாது கொள்முதல் தொடர்பான சென்ட்ரோட்ரேட் வழக்கும் முடிவுக்கு வந்தது. லண்டன் நடுவர் முன் தன் தரப்பை எடுத்துரைக்க இயலவில்லை என்பது பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் காப்பரின் வாதம். நடுவர் பலமுறை அவகாசம் கொடுத்தும் அதைப் பயன்படுத்தாமல் இருந்துவிட்டு, பின்னர் வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று கூற முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஒப்பந்தம் 1996இல் செய்யப்பட்டது.

நிலக்கடலை வழக்கு: மறுக்கப்பட்ட தீர்ப்பு

இதுவரை கண்டவை பெரும்பாலும் ஆட்சேபம் தோற்ற வழக்குகள். ஆட்சேபம் வென்ற வழக்கு ஒன்றும் உண்டு. திண்டுக்கல் சமவெளியில் மானாவாரியாக விளையும் நிலக்கடலைதான் அவ்வழக்கின் சரக்கு.

இந்தியத் தேசிய வேளாண் கூட்டுறவு விற்பனை இணையமான நாஃபெட், 1980 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் அலிமென்டா நிறுவனத்துக்கு 5,000 டன் நிலக்கடலைப் பருப்பு விற்க ஒப்பந்தம் செய்தது. சௌராஷ்டிராவில் புயலால் விளைச்சல் பாதிக்கப்பட்டது. 1,900 டன் மட்டுமே அனுப்ப முடிந்தது. மீதி 3,100 டன்னை அடுத்த பருவத்தில் அனுப்ப இரு தரப்பும் பேசிக்கொண்டன. ஆனால் முந்தைய ஆண்டின் அளவை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்ல அரசின் அனுமதி நாஃபெட்டுக்கு இல்லை. அரசும் அனுமதி மறுத்தது. அரசு ஏற்றுமதியைத் தடை செய்தால் ஒப்பந்தம் ரத்தாகும் என்ற விதியும் ஒப்பந்தத்திலேயே இருந்தது. எனினும் லண்டனில் எண்ணெய் வித்து வணிகச் சங்கத்தின் நடுவர்கள் 1989இல் நாஃபெட்டுக்கு எதிராக ஏறக்குறைய 47 லட்சம் டாலரும் வட்டியும் விதித்தனர்.

2020 ஏப்ரல் 22 அன்று, நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான அமர்வு இத்தீர்ப்பை நிறைவேற்ற மறுத்தது. அரசின் அனுமதியின்றி ஏற்றுமதி செய்வது சட்டத்துக்கு மாறானது, அப்படி ஏற்றுமதி செய்யவில்லை என்பதற்காக நட்டஈடு வாங்கித் தருவது இந்தியாவின் பொதுக்கொள்கைக்கு முரண் என்பது அதன் முடிவு. ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது 40 ஆண்டுகள் கடந்திருந்தன.

இத்தீர்ப்பைப் பற்றிச் சட்ட அறிஞரிடையே இரு கருத்துகள் உள்ளன. அரசின் தடையை மீறும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது எளிய நியாயம். ஆனால் ஒப்பந்த விதிக்கு என்ன பொருள் என்று முடிவு செய்வது நடுவரின் வேலை, அதை நீதிமன்றம் மீண்டும் ஆராய்ந்தது என்ற குறையும் சொல்லப்படுகிறது. இரண்டே மாதங்களுக்கு முன் வந்த விஜய் காரியா தீர்ப்பின் போக்கிலிருந்து இது விலகி நிற்பது உண்மை. ஏழாவது காரணத்தின் எல்லை இன்னும் முழுமையாக உறையவில்லை என்பதை இவ்விரு தீர்ப்புகளும் சேர்ந்து காட்டுகின்றன.

சென்னை வழக்கு: முத்திரைத் தீர்வை

தமிழ்நாட்டிலிருந்து உச்சநீதிமன்றம் சென்ற ஒரு வழக்கு, பட்டியலில் இல்லாத காரணத்தைப் பற்றியது. ஸ்பெயினைச் சேர்ந்த ரியோகிளாஸ் சோலார் நிறுவனம், சென்னையின் ஸ்ரீராம் ஈபிசி நிறுவனத்துக்கு எதிராக 2015இல் லண்டனில் நடுவர் தீர்ப்பு பெற்றது. சென்னை உயர்நீதிமன்றம் அதை நிறைவேற்ற உத்தரவிட்டது. உச்சநீதிமன்றத்தில் எழுப்பப்பட்ட வாதம் வித்தியாசமானது. தீர்ப்புக்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்படவில்லை, எனவே அதை நிறைவேற்ற முடியாது என்பதே அது.

நிலப் பத்திரம் முதல் கடன் பத்திரம் வரை முத்திரைத்தாள் இல்லாமல் எதுவும் செல்லாது என்று பழகிய நமக்கு இது நியாயமாகவே தோன்றும். 2018 செப்டம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தில் ‘நடுவர் தீர்ப்பு’ என்பது அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வழங்கப்பட்ட தீர்ப்பையே குறித்தது, வெளிநாட்டுத் தீர்ப்பு அதில் ஒருபோதும் அடங்கியதில்லை என்று அது விளக்கியது. அன்று சமஸ்தானங்களில் வழங்கப்பட்ட தீர்ப்புகளும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியில் பிறந்தவையே. நம் பகுதிக்குப் பொருத்திச் சொன்னால், அன்று திண்டுக்கல்லில் வழங்கிய தீர்ப்பு அச்சட்டத்துக்கு உட்பட்டது, அதிக தூரத்தில் இல்லாத புதுக்கோட்டை சமஸ்தானத்தில் வழங்கியது உட்படாதது. வெளிநாட்டுத் தீர்ப்பை நிறைவேற்ற முத்திரைத் தீர்வை ஒரு தடையாகாது என்பது இதன் மூலம் உறுதியானது. ஏழு காரணங்களுக்கு வெளியே எட்டாவதாக ஒன்றைச் சேர்க்க இயலாது.

இலங்கையிலும் சிங்கப்பூரிலும்

தமிழர் வணிகம் செய்யும் பிற நாடுகளிலும் இதே பட்டியல்தான். இலங்கை 1962இல் நியூயார்க் உடன்படிக்கையை உறுதிப்படுத்தியது. அந்நாட்டின் 1995ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் மறுப்புக் காரணங்கள் உள்ளன. மலேசியா 1985இலும் சிங்கப்பூர் 1986இலும் உடன்படிக்கையில் சேர்ந்தன.

சிங்கப்பூரில் முக்கியமான ஒரு வழக்கு, மலேசியத் தமிழரான ஆனந்த கிருஷ்ணன் நிறுவிய ஆஸ்ட்ரோ தொலைக்காட்சிக் குழுமத்துக்கும் இந்தோனேசியாவின் லிப்போ குழுமத்துக்கும் இடையிலானது. ஆஸ்ட்ரோ தரப்பில் எட்டு நிறுவனங்கள் நடுவர் முன் சென்றன. அவற்றுள் மூன்று நிறுவனங்கள் நடுவர் ஒப்பந்தத்தில் இடம்பெறாதவை. லிப்போ தரப்பு இதை நடுவரிடம் ஆட்சேபித்தது. நடுவர்கள் ஏற்கவில்லை. ஆட்சேபத்தைக் கைவிடாமலே அது விசாரணையில் கலந்துகொண்டது. 2013 அக்டோபரில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த மூன்று நிறுவனங்களுக்குச் சாதகமான பகுதியை நிறைவேற்ற மறுத்தது. தீர்ப்புத் தொகையில் பெரும்பகுதி அவற்றுக்கே உரியதாக இருந்தது. ஆட்சேபத்தை உரிய காலத்தில் சொல்லிவைத்ததால்தான் பின்னர் அதை எழுப்ப முடிந்தது.

இன்றைய நடைமுறை

வெளிநாட்டுத் தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு 2015 முதல் உயர்நீதிமன்றத்தில்தான் தாக்கலாகும். அதற்கு முன் மாவட்ட நீதிமன்றமும் அதை விசாரிக்க முடிந்தது. மனுவுக்கான காலக்கெடு மூன்று ஆண்டுகள் என்று 2020 செப்டம்பரில் வேதாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. தீர்ப்பு வழங்கப்பட்ட நாடு நியூயார்க் உடன்படிக்கையில் இருப்பதோடு, இந்திய அரசிதழில் அறிவிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பிரிட்டன், பிரான்ஸ், சிங்கப்பூர், அமெரிக்கா ஆகியவை அவ்வாறு அறிவிக்கப்பட்டவை.

தீர்ப்பு நிறைவேற்றத்தக்கது என்று உயர்நீதிமன்றம் கண்டால், 49ஆம் பிரிவின்படி அது அந்நீதிமன்றத்தின் தீர்ப்பாணையாகவே கருதப்படும். அதன் பின் ஆலை, இயந்திரம், வங்கிக் கணக்கு எதையும் ஜப்தி செய்யக் கோரலாம். மேல்முறையீட்டிலும் ஒரு வேறுபாடு உண்டு. நிறைவேற்ற மறுத்தால் 50ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். நிறைவேற்ற உத்தரவிட்டால் அப்பிரிவில் மேல்முறையீடு இல்லை. உச்சநீதிமன்றத்தின் சிறப்பு அனுமதியைக் கோருவது ஒன்றே வழி. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு இதுவே போதிய சான்று.

லிவர்பூலிலிருந்து வரும் ஓர் அறிவிப்பை, ஆங்கிலத்தில் இருக்கிறது, தூரத்தில் இருக்கிறது என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடும் ஆலை முதலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பஞ்சின் தரம் குறைவு, கப்பல் தாமதம், விலைக் கணக்கு தவறு என்று அவரிடம் நல்ல வாதங்கள் இருக்கலாம். அவை அனைத்தும் நடுவர் முன் சொல்ல வேண்டியவை. உயர்நீதிமன்றத்தில் அவர் வந்து நிற்கும்போது, முன்னே இருப்பது அந்த ஏழு காரணங்கள் மட்டுமே. அறிவிப்பே கிடைக்கவில்லை என்பவருக்கு இரண்டாவது காரணம் துணை நிற்கும். கிடைத்தும் பேசாமல் இருந்தவருக்கு நிற்காது.